கோரலா, இல்லஸ்ட்ரேட்டரா, இங்க்ஸ்கேப்பா? தக்கலைக் கடையிலிருந்து ஒரு கணக்கு

போன மாதம் ஒரு மத்தியானம் அக்கா மகள் கடைக்கு வந்தாள். பி.காம். முடித்துவிட்டாள். வங்கித் தேர்வு எழுதச் சொல்லி வீட்டில் ஒரு பக்கம் இழுக்கிறார்கள். இவள் டிசைனிங் படிப்பேன் என்று மறுபக்கம் நிற்கிறாள். நாகர்கோவிலில் விசாரித்த பயிற்சி மையத்தில் கம்ப்யூட்டரில் படம் வரையும் மென்பொருள்களான கோரல்டிராவுக்கு ஒரு வகுப்பு, அடோபி இல்லஸ்ட்ரேட்டருக்கு வேறொரு வகுப்பு. கட்டணமும் தனித்தனி. கல்லூரித் தோழி ஒருத்தி, "இரண்டும் வேண்டாம், இங்க்ஸ்கேப் இலவசம்" என்று வேறு சொல்லிவைத்திருக்கிறாள்.

"எதில் சேரட்டும் மாமா? எது நல்லது?"

"நீ வரைந்த ஃபைலை உனக்கு அடுத்தபடியாகத் திறக்கப்போவது யார் மக்களே?" என்று கேட்டேன்.

கேள்விக்குக் கேள்வியே பதிலாக வந்ததில் அவளுக்குக் கோபம். அதற்குள் ஆட்டோக் கண்ணாடிக்கு ஸ்டிக்கர் கேட்டு ஒருவர் வந்து நிற்க, பேச்சு அறுந்துபோனது. அன்றைக்குச் சொல்ல முடியாததைத்தான் இங்கே எழுதுகிறேன். அவளைப் போலக் குழம்புகிறவர்கள் மார்த்தாண்டத்திலும் கருங்கலிலும் திங்கள்சந்தையிலும் நிறையப் பேர் இருப்பார்கள்.

என்னைப் பற்றி இரண்டு வரி. தக்கலையில் ஸ்டிக்கர் கட்டிங் கடை வைத்திருக்கிறேன். கடைப் பெயர்ப் பலகை, கல்யாணக் கார்டு, கொடை விழா நோட்டீஸ், தேவாலயத் திருவிழா ஃப்ளெக்ஸ், எது வந்தாலும் செய்வேன். நம்பர் பிளேட்டுக்கு அரசின் புது விதி வருவதற்கு முன் டி.என். 74, டி.என். 75 என்று எத்தனை ஆயிரம் முறை வெட்டியிருப்பேன் என்பதற்குக் கணக்கே கிடையாது. 2008-இல் நான் வேலைக்குச் சேர்ந்த கடையில் இருந்தது கோரல் 12. ஆகவே கோரல் பக்கம் எனக்குக் கொஞ்சம் சாய்வு உண்டு. அதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

இந்த மூன்று மென்பொருளிலும் வரைவது வெக்டர் படம். வெக்டர் என்றால் என்ன என்பதை எனக்குப் புரியவைத்தவர் ஒரு பழைய சுவர் விளம்பர ஆர்ட்டிஸ்ட். அவர் வாழ்நாளில் கம்ப்யூட்டரைத் தொட்டதில்லை. பத்தடி உயரச் சுவரில் எழுதும்போது முதலில் சாக்பீஸால் எழுத்தின் வெளிக்கோட்டை மட்டும் போடுவார். வளைவு எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று சின்னச் சின்னப் புள்ளி வைப்பார். பிறகு ஒரே வீச்சில் இரண்டையும் இணைப்பார். உள்ளே வண்ணம் நிரப்புவது உதவியாளர் வேலை. வெக்டர் ஃபைலிலும் இருப்பது அவ்வளவுதான்: புள்ளிகள், அவற்றுக்கு இடையே வளைவு, உள்ளே நிரப்பிய நிறம். அதனால்தான் விசிட்டிங் கார்டில் வரைந்த லோகோவை இருபதடி பலகைக்கு ஏற்றினாலும் ஓரம் உடைவதில்லை. போட்டோ அப்படியில்லை, அது கட்டங்களால் ஆனது. பெரிதாக்கினால் கட்டம் தெரியும். ஸ்டிக்கர் வெட்டும் பிளாட்டரில் இருப்பது கத்தி. கத்தி போவதற்குக் கோடு வேண்டும், போட்டோவில் கோடு ஏது?

அந்த வளைவுக்கான கணக்கு 1960-ஐ ஒட்டிய வருடங்களில் பிரான்சில் கார் உடம்பை வடிவமைக்கப் பிறந்தது. ரெனோ நிறுவனத்துப் பொறியாளர் பியர் பெசியே பெயரால் இன்றைக்கும் அழைக்கப்படுகிறது. சித்ரோன் நிறுவனத்தில் பால் தெ கஸ்தல்ஜோ அதை அவருக்கு முன்பே கண்டுபிடித்திருந்தார், ஆனால் கம்பெனி வெளியே சொல்லவிடவில்லை. கோரல், இல்லஸ்ட்ரேட்டர், இங்க்ஸ்கேப் மூன்றிலும் ஓடுவது அந்த ஒரே கணக்கு. வகுப்புக் கட்டணத்தை ஒப்பிடும் முன் இது மனதில் இருக்கட்டும்.

முதலில் கொம்பு

வெளியூர்க்காரர்கள் எழுதும் ஒப்பீடுகளில் வராத விஷயம் ஒன்று உண்டு. நம் வேலையில் முக்கால்வாசி தமிழ் எழுத்து. களியக்காவிளை, குழித்துறை பக்கம் போனால் மலையாளமும் சேர்ந்துகொள்ளும். மென்பொருள் எவ்வளவு பெரியதாக இருந்தாலும் "கொ" என்று அடித்தால் கொம்பு முன்னால் வந்து நிற்கிறதா என்பதுதான் எனக்கு முதல் கேள்வி.

எல்லா மொழி எழுத்துக்கும் பொதுவான கணினிக் குறியீட்டு முறையான யூனிகோடில் "கெ" என்பது க என்ற எழுத்தும் அதன் பின்னே ஒரு குறியும். அந்தக் குறியை எடுத்து எழுத்துக்கு முன்னால் கொண்டுவைப்பது மென்பொருளின் பொறுப்பு. அது செய்யாவிட்டால் கொம்பு பின்னால் தொங்கும். ஒரு கல்லூரி மாணவர் தன் துறை விழாவுக்கு இல்லஸ்ட்ரேட்டரில் பேனர் செய்து கொண்டுவந்தார். படம், நிறம் எல்லாம் அருமை. "பேராசிரியர்கள்" என்பதில் இரட்டைக் கொம்பு "ப"வைத் தாண்டி ஓடி அடுத்த எழுத்தின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. அவருடைய கண் ஆங்கில வரிகளிலேயே இருந்ததால் அது படவில்லை. குற்றம் மென்பொருளுடையது அல்ல. இல்லஸ்ட்ரேட்டரில் விருப்பத்தேர்வுகளுக்குள் எழுத்துப் பகுதியில் இந்திய மொழிகளுக்கான தேர்வைக் காட்டச் சொல்ல வேண்டும். அதன் பிறகு பத்திக்கான பலகத்தில் தெற்காசிய எழுத்துக் கோவையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இரண்டையும் செய்தால் தமிழ் ஒழுங்காக வரும். செய்ய வேண்டும் என்று யாராவது சொல்லித்தந்தால்தானே தெரியும்!

கோரலில் இந்த வசதி 2012-இல் வந்த எக்ஸ்6 பதிப்பிலிருந்து இருக்கிறது. இங்க்ஸ்கேப்பில் எதையும் திருகத் தேவையில்லை. யூனிகோடு எழுத்துரு இருந்தால் அடித்தவுடன் சரியாக வரும். தமிழ் விஷயத்தில் மூன்றில் இலவசமானதே குறைவாகப் படுத்துகிறது என்பது எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. நம் ஊர்க் கடைகளில் பழைய கோரல் இன்னும் ஓடுவதற்குக் காரணம் சோம்பேறித்தனம் இல்லை, எழுத்துருதான். கல்யாணக் கார்டுக்கான கொடி எழுத்து, கொடை நோட்டீசுக்கான தடித்த எழுத்து என்று சேர்த்துவைத்த நூற்றுக்கணக்கான எழுத்துருக்கள் யூனிகோடுக்கு முந்தியவை. அவற்றில் கொம்புக்கு ஒரு விசை, "க"வுக்கு ஒரு விசை, காலுக்கு ஒரு விசை என்று கண்ணால் பார்க்கிற வரிசையிலேயே அடிக்க வேண்டும். தமிழ்நாடு அரசு 2010-இல் யூனிகோடைத் தரமாக ஏற்றுவிட்டது. கல்யாணக் கார்டு அரசாணைப்படி நடப்பதில்லை. வாடிக்கையாளர் வாட்ஸ்அப்பில் யூனிகோடில் பெயர் அனுப்புவார், கடையில் அதைப் பழைய முறைக்கு மாற்ற என்.எச்.எம். கன்வெர்ட்டர் போன்ற ஒன்றை வைத்திருப்பார்கள், இல்லையென்றால் திரும்ப அடிப்பார்கள். உள்ளூர்க் கடையில் வேலைக்குப் போவதாக இருந்தால் கோரல் தெரியுமா என்பதற்கு அடுத்த கேள்வி தமிழ் டைப்பிங் தெரியுமா என்பதாகவே இருக்கும். டைப்ரைட்டிங் லோயர் பாஸ் செய்த பெண்ணுக்குத் தெரிந்த விசை வரிசை, டிசைனிங் டிப்ளமோ வாங்கிய பையனுக்குத் தெரியாமல் போகிற இடம் இது.

கோரல்டிரா

கனடாவின் ஒட்டாவாவில் இருக்கும் நிறுவனம் 1989-இல் வெளியிட்டது. விண்டோஸ் கம்ப்யூட்டரோடு சேர்ந்தே நம் ஊருக்கு வந்தது. நோட்டீஸ் அடிக்கிற அச்சகத்துக்கும் ஸ்டிக்கர் கடைக்கும் வேறு எது தேவைப்பட்டது?

இதன் பலம் வேகம். பக்கத்தின் அளவை அடியில் கொடுக்கலாம். ஃப்ளெக்ஸ் கடையில் எல்லாரும் பேசுவது அடிக் கணக்கில்தான்: "பத்துக்கு எட்டு, நாலு பக்கமும் ஐலெட்." கோரலின் பக்கம் 1,800 அங்குலம் வரை, அதாவது 150 அடி வரை போகும். இல்லஸ்ட்ரேட்டரில் நெடுங்காலம் 227 அங்குலம்தான் எல்லை. பத்தொன்பது அடிகூட முழுதாக வராது. தேவாலய வாசலில் கட்டும் இருபதடி பேனருக்கு, பத்தில் ஒரு பங்காகச் சுருக்கி வரைந்து பிறகு பெரிதாக்க வேண்டியிருந்தது. 2020-இல் அந்த எல்லையைப் பத்து மடங்காக்கினார்கள். இப்போது அந்தக் குறை இல்லை, ஆனால் பழக்கம் அதற்குள் கோரல் பக்கம் போய்விட்டது.

ஒரு வட்டத்துக்குள் புனிதரின் படத்தைப் போட பவர்கிளிப், எழுத்தைச் சுற்றி வெள்ளைக் கரை கட்ட கான்டூர், எழுத்தைக் கோடாக மாற்ற கன்ட்ரோலோடு கியூ. இந்த மூன்றும் கையில் வந்துவிட்டால் கடையில் முதல் மாதச் சம்பளத்துக்கு நியாயம் செய்துவிடலாம். மிகைப்படுத்திச் சொல்லவில்லை.

பலவீனமும் இரண்டு உண்டு. புதிய கோரலில் சேமித்த ஃபைலைப் பழைய கோரல் திறக்காது. வீட்டில் புதியதில் செய்துவிட்டுப் பென்டிரைவில் எடுத்துக்கொண்டு போனால் கடைக்காரர் உதட்டைப் பிதுக்குவார். சேமிக்கும்போதே பழைய பதிப்பைத் தேர்ந்தெடுத்துச் சேமிக்க வேண்டும். எழுத்தையெல்லாம் கர்வாக, அதாவது இனி அடித்துத் திருத்த முடியாத கோடாக, மாற்றிய பிரதி ஒன்று, மாற்றாத பிரதி ஒன்று என்று இரண்டு வைத்திருங்கள். கர்வ் செய்ததை மட்டும் வைத்திருந்து, மாப்பிள்ளையின் இனிஷியல் தப்பு என்று இரவு ஒன்பது மணிக்கு போன் வந்தால் அதன் அருமை தெரியும்.

இன்னொன்று விலை. சந்தாவாகவும் விற்கிறார்கள், ஒரே தடவையாகவும் விற்கிறார்கள். எப்படி வாங்கினாலும் சின்னக் கடைக்குக் கனம்தான். அதனால் என்ன நடக்கிறது என்பதை நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. ஆரம்பத்தில் நானும் யாரோ கொடுத்த திருட்டுப் பிரதியைத்தான் போட்டு வைத்திருந்தேன். கூடவே வந்த வைரஸ் ஒரு திருவிழா வாரத்தில் மொத்த ஃபைல்களையும் பூட்டிவிட்டது. ஆறு வருட லோகோக்களைப் பழைய விசிட்டிங் கார்டுகளைத் தேடி எடுத்து ஒவ்வொன்றாகத் திரும்ப வரைந்தேன். வெக்டர் வரைவதில் எனக்குக் கை வந்தது உண்மையில் அந்த மூன்று மாதத்தில்தான். ஆனால் இதை ஒரு பயிற்சி முறையாக யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். முறையான சோதனைப் பிரதி 15 நாள் கிடைக்கிறது, படிக்கத் தொடங்க அது போதும்.

இல்லஸ்ட்ரேட்டர்

1987-இல் மெக்கின்டோஷுக்காக வந்தது, மூவரில் மூத்தது. பெரிய விளம்பர நிறுவனங்கள், பேக்கேஜிங், ஐ.டி. கம்பெனிகளின் டிசைன் பிரிவு எல்லாம் இதன் ராஜ்ஜியம். காலை ரயிலில் நாகர்கோவிலிலும் குழித்துறையிலும் ஏறித் திருவனந்தபுரம் டெக்னோபார்க் போகிறவர்களில் டிசைன் வேலை பார்க்கும் யாரிடமாவது கேட்டுப் பாருங்கள், கோரல் என்ற பெயரைச் சொன்னால் பழைய உறவினரைப் பற்றி விசாரித்ததுபோலச் சிரிப்பார்கள். அங்கே ஃபைல் கைமாறுவது அடோபி வடிவத்தில். போட்டோஷாப்பும் இன்டிசைனும் பக்கத்திலேயே இருக்கும், ஒன்றில் வரைந்ததை மற்றொன்றில் இழுத்துப் போடலாம். நிற மேலாண்மையிலும் அச்சுக்கான பி.டி.எஃப். எடுப்பதிலும் இதன் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை.

2013 முதல் சந்தா மட்டுமே. கட்டுவதை நிறுத்தினால் மென்பொருளும் நின்றுவிடும். ஆண்டு ஒப்பந்தத்தை மாதத் தவணையாகக் கட்டும் திட்டம் ஒன்று உண்டு. பார்வைக்கு மாத வாடகைபோல இருக்கும், பாதியில் விலகினால் தனிக் கட்டணம் கேட்கும். சோதனைக் காலம் ஏழு நாள்தான், அந்த ஏழு நாளில் பேனா பிடிக்கக்கூடப் பழக முடியாது. கம்ப்யூட்டருக்கும் குறைந்தது 8 ஜி.பி. நினைவகம் வேண்டும், 16 இருந்தால்தான் நிம்மதி. அக்கா வீட்டில் இருப்பது அக்கா மகனுக்குப் பள்ளியில் அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினி. அதில் இல்லஸ்ட்ரேட்டரைப் போட்டால் திறப்பதற்குள் சாயா ஆறிவிடும்.

என் கருத்து: சம்பளம் கொடுக்கிறவர் சந்தாவையும் கட்டும்போது இல்லஸ்ட்ரேட்டர் படியுங்கள். ஒன்றில் நன்றாகக் கை பழகியவருக்கு இன்னொன்றுக்கு மாற ஒரு மாதம் போதும்.

இங்க்ஸ்கேப்

2003-இல் சோடிபோடி என்ற வேறொரு கட்டற்ற மென்பொருளிலிருந்து பிரிந்து வந்தது. பதினேழு வருடம் பூஜ்யத்தில் தொடங்கும் எண்ணாகவே போட்டுக்கொண்டிருந்துவிட்டு 2020 மே மாதம்தான் 1.0 என்று அறிவித்தார்கள். அந்தத் தன்னடக்கம் எனக்குப் பிடித்திருந்தது. விண்டோஸ், மேக், லினக்ஸ் எதிலும் ஓடும். 4 ஜி.பி. கணினியிலும் தள்ளிக்கொண்டு போகும். உதவிப் பட்டியலைத் திறந்தால் பாடங்கள் உள்ளேயே இருக்கின்றன. அந்தப் பாடமே ஒரு வரைபட ஃபைல், படித்துக்கொண்டே அதன்மேல் வரைந்து பார்க்கலாம்.

சேமிக்கும் வடிவம் எஸ்.வி.ஜி. இது ஒரு கம்பெனியின் சொத்து இல்லை, இணையத் தரங்களை வகுக்கும் அமைப்பின் பொதுத் தரம். பிரவுசரே திறந்து காட்டும். லேசர் கட்டிங் இயந்திரங்களோடு வரும் மென்பொருள்கள் பெரும்பாலும் இதை ஏற்கும். அக்ரிலிக் எழுத்து, மரப் பலகையில் பெயர் என்று இப்போது பெருகிவரும் வேலைகளுக்கு இது தோது.

நான் பட்ட இடம் ஒன்றைச் சொல்கிறேன். ஒரு பேக்கரியின் கண்ணாடிக்கு 12 அங்குல உயரத்தில் எழுத்து. இங்க்ஸ்கேப்பில் வரைந்து எஸ்.வி.ஜி.யாகக் கொடுத்தேன், நண்பர் கடை இயந்திரம் வெட்டியது, ஒட்டப்போனால் கண்ணாடிச் சட்டத்துக்கு வெளியே நிற்கிறது. அளந்தேன்: 12.8 அங்குலம். ஸ்டிக்கர் வெட்டும் வினைல் தாள் வீண், சாயங்காலமும் வீண். காரணம் தெரிய இரண்டு நாள் ஆனது. 2017-இல் வந்த 0.92 பதிப்பிலிருந்து இங்க்ஸ்கேப் ஓர் அங்குலத்துக்கு 96 புள்ளி என்று கணக்கு வைக்கிறது. அதற்கு முன்பு 90. அந்த இயந்திரத்தோடு வந்த பழைய மென்பொருள் இன்னும் 90 என்றே நினைத்துக்கொண்டிருந்தது. 12-ஐ 96-ஆல் பெருக்கி 90-ஆல் வகுத்தால் 12.8. அன்றிலிருந்து எந்தப் புது இயந்திரத்துக்கு ஃபைல் கொடுத்தாலும் ஓரத்தில் ஓர் அங்குலச் சதுரம் ஒன்றைப் போட்டு முதலில் அதை மட்டும் வெட்டி, ஸ்கேல் வைத்து அளந்துவிட்டுத்தான் மேலே போகிறேன்.

பெரிய குறை, பிளேட் வைத்து அச்சடிக்கும் ஆஃப்செட் முறையில் இருக்கிறது. அச்சகத்துக்குச் சி.எம்.ஒய்.கே. என்கிற நான்கு மை கணக்கு வேண்டும். இங்க்ஸ்கேப் வேலை செய்வது திரை நிறமான ஆர்.ஜி.பி.யில். கல்யாணக் கார்டில் கறுப்பு எழுத்தை அப்படியே அனுப்பினால் அது மாறும்போது நான்கு மையும் கலந்த கறுப்பாகிவிடும். நான்கு பிளேட்டில் ஒன்று மயிரிழை விலகினாலும் சின்ன எழுத்தின் ஓரத்தில் சிவப்போ நீலமோ எட்டிப் பார்க்கும். தாத்தா பாட்டி பெயர்கள் வரும் பொடி எழுத்தில்தான் அது முதலில் தெரியும். தப்பிக்க வழி இருக்கிறது: படத்தை ஸ்க்ரைபஸ் என்ற இன்னொரு இலவச மென்பொருளுக்குக் கொண்டுபோய் அங்கே நிறத்தைச் சரிசெய்து பி.டி.எஃப். எடுக்கலாம். செய்திருக்கிறேன். ஆனால் சிவகாசிக்கு இன்று இரவே ஃபைல் போக வேண்டும் என்கிற நாளில் அந்தச் சுற்று வழி பிடிக்காது. ஃப்ளெக்சுக்கும் ஸ்டிக்கருக்கும் இந்தத் தொல்லை இல்லை. ஸ்டிக்கரின் நிறம் வினைல் சுருளிலேயே இருக்கிறது.

கோரல் ஃபைலை இங்க்ஸ்கேப் திறக்கும் என்று சொல்வார்கள். ஓரளவு திறக்கும். பழைய எழுத்துருத் தமிழ் உள்ள ஃபைலானால் கர்வ் செய்யாமல் அனுப்பாதீர்கள்.

மற்றவை, சுருக்கமாக

அஃபினிட்டி என்று ஒன்று. இங்கிலாந்தில் செய்தது, 2024-இல் கேன்வா வாங்கியது, 2025 அக்டோபரில் இலவசமாக்கிவிட்டது. கணக்கு ஒன்று தொடங்கினால் போதும். சி.எம்.ஒய்.கே. முறையாக உண்டு, தோற்றத்தில் இல்லஸ்ட்ரேட்டருக்குச் சளைத்ததில்லை. ஆனால் அதன் முந்தைய பதிப்புகளில் இந்திய எழுத்துகளைக் கோக்கும் வசதி இல்லாததால் கொம்பு பின்னால் போய்விடும். இறக்கியவுடன் "கொடை" என்று அடித்துப் பாருங்கள். சரியாக வராவிட்டால் தமிழை மட்டும் இங்க்ஸ்கேப்பில் அடித்துக் கோடாக மாற்றி இங்கே கொண்டுவந்து ஒட்டலாம். ஆஃப்செட் வேலையைச் செலவில்லாமல் செய்ய நினைக்கிறவர்களுக்கு இந்த ஜோடி மோசமில்லை.

ஃபிக்மா செயலிகளின் திரையை வரைவதற்கானது. டெக்னோபார்க் கனவு இருந்தால் இல்லஸ்ட்ரேட்டருக்கு முன்பே அதைத் தொடுங்கள். அச்சுக்கு ஆகாது.

கேன்வாவைக் கடைக்காரர்கள் ஏளனம் செய்வார்கள். நான் செய்வதில்லை, பிறந்தநாள் வாழ்த்து செய்ய அது போதும். ஆனால் அதில் நீங்கள் வரைவதில்லை, யாரோ வரைந்ததை அடுக்குகிறீர்கள். அந்த லோகோவைக் கொண்டுவந்து, "வெட்டித் தாருங்கள் அண்ணா" என்று நிற்கும்போதுதான் இருவருக்கும் கஷ்டம்.

அவளுக்கு நான் வைத்த பரீட்சை

மறுபடி வந்தபோது அவளிடம் வகுப்பு எதிலும் சேர வேண்டாம், முதலில் ஒரு எழுத்தை வரை என்றேன். "ழ". ஆர்ட்டிஸ்ட் எழுதிய பழைய பலகை ஒன்றின் போட்டோவைக் கொடுத்தேன்.

அரை மணி நேரத்தில் முடித்துவிட்டதாகக் காட்டினாள். தானியங்கி டிரேஸ் போட்டிருக்கிறாள். இந்த வசதி மூன்றிலும் உண்டு, பெயர்தான் வேறு. திரையில் பார்க்க அச்சு அசல். புள்ளிகளைக் காட்டச் சொன்னேன்: எறும்புச் சாரை மாதிரி 140-க்கு மேல். பிளாட்டரில் போட்டு வெட்டிக் காட்டினேன். ஒவ்வொரு புள்ளியிலும் கத்தி ஒரு கணம் தயங்கும். அத்தனை தயக்கமும் வினைலின் ஓரத்தில் பல்லாக நின்றது. விரலை வைத்துத் தடவிப் பார்த்தாள்.

அடுத்த முறை மென்பொருளின் பேனா கருவியால், ஒவ்வொரு புள்ளியாக வைத்து. 41 புள்ளி. வளைவுகள் வீங்கி, "ழ"வின் வால் எலியை விழுங்கிய பாம்புபோல இருந்தது. அப்போது சொன்னேன், புள்ளியை வளைவின் நடுவில் கண்ட இடத்தில் வைக்காதே. வளைவின் உச்சி, அடி, இடது ஓரம், வலது ஓரம், அங்கே வை. அங்கே வைத்தால், புள்ளியிலிருந்து நீண்டு வளைவை இழுக்கும் கைப்பிடி படுக்கையாகவோ நேர்செங்குத்தாகவோ நிற்கும், நீளத்தை மட்டும் சரிசெய்தால் போதும். எழுத்துரு செய்கிறவர்கள் பின்பற்றுவது இதைத்தான். அந்த ஆர்ட்டிஸ்ட் சாக்பீஸ் புள்ளி வைத்ததும் அதே இடங்களில் என்பதைப் பல வருடம் கழித்துத்தான் நான் கவனித்தேன். மூன்றாவது முறை 23 புள்ளியில் கொண்டுவந்தாள். வெட்டினேன், ஓரம் வழுக்கிக்கொண்டு போனது.

இதையெல்லாம் இங்க்ஸ்கேப்பில்தான் செய்தாள். கோரலில் செய்திருந்தாலும் இல்லஸ்ட்ரேட்டரில் செய்திருந்தாலும் அதே மூன்று நாள்தான் ஆகியிருக்கும்.

பிறகுதான் கணக்குப் போட்டோம். அவளுக்கு இப்போது திருவனந்தபுரம் போகும் எண்ணம் இல்லை. அம்மாவைத் தனியாக விட முடியாது. வீட்டிலிருந்தபடி ஸ்டிக்கரும் சின்ன லோகோவும் செய்யலாம், வாரத்தில் மூன்று நாள் என் கடையிலோ வேறு கடையிலோ உட்காரலாம். அப்படியானால் வீட்டில் அந்தப் பழைய மடிக்கணினியில் இங்க்ஸ்கேப், செலவில்லை. கடையில் கோரல், இப்போது நான் காசு கொடுத்து வாங்கியது இருக்கிறது, பவர்கிளிப்பும் கான்டூரும் சொல்லித்தர எனக்கு ஒரு வாரம் போதும். வகுப்புக்கு வைத்திருந்த பணத்தில் தமிழ் டைப்ரைட்டிங்கில் சேரச் சொன்னேன். அது பழைய காலத்து வேலை என்று முகத்தைச் சுளித்தாள். சேர்ந்துவிட்டாள். ஒரு வருடம் கழித்து ரயில் ஏறும் எண்ணம் வந்தால் அன்றைக்கு ஃபிக்மாவும் இல்லஸ்ட்ரேட்டரும் பார்த்துக்கொள்ளலாம்.

ஊரிலேயே சொந்த ஆஃப்செட் தொடர்போடு கல்யாணக் கார்டு வேலையைப் பெரிதாகச் செய்ய நினைக்கும் ஒருவர் இதே கேள்வியைக் கேட்டால் என் பதில் மாறும்: நேராகக் கோரல், கடன் வாங்கியாவது அசல் பிரதி. பெங்களூரிலோ கொச்சியிலோ விளம்பர நிறுவனத்தில் சேரத் துடிக்கும் பையனுக்கு இல்லஸ்ட்ரேட்டரைத் தவிர வேறெதுவும் சொல்ல மாட்டேன்.

போன வியாழக்கிழமை அவளிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு எஸ்.வி.ஜி. ஃபைல் வந்தது. போட்டோவாக அனுப்பாமல் டாக்குமென்டாக அனுப்பியிருந்தாள், அதையே பாதி பேர் செய்வதில்லை. அக்கா வீட்டு முன்கதவுக்கான வரி: "இங்கு தையல் வேலை செய்யப்படும்." கொம்பெல்லாம் அதனதன் இடத்தில். எழுத்துகள் கோடாக மாற்றப்பட்டிருந்தன. ஓரத்தில் ஓர் அங்குலச் சதுரம். கீழே, "30 அங்குல நீளம் வர வேண்டும் மாமா."

மெரூன் நிற வினைலில் வெட்டி, வேண்டாததை உரித்துவிட்டு ஸ்கேலை வைத்தேன். 30. "லை"யின் வளைவில் இரண்டு புள்ளி அதிகமாக இருந்தது. சொல்லவில்லை.